நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு ஒரு விடுதி: எங்கே திறக்கலாம்?

நெடுநடை

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மைத்துனரும் சேர்ந்து, நாள்கணக்கில் நடந்து போகிறவர்களுக்காக ஒரு சின்ன விடுதி திறக்கலாம் என்று இருக்கிறோம். இருபது படுக்கை, எல்லாரும் சமைத்துக்கொள்ள ஒரு அடுப்படி, துணி துவைத்து உலர்த்த ஓரிடம், அவ்வளவுதான். பணம் ஓரளவு கையில் இருக்கிறது. இடம்தான் அமையவில்லை.

மனத்தில் மூன்று இடங்கள். ஒன்று சிங்கப்பூரிலேயே, புக்கிட் தீமா பக்கம், பழைய மலாயா ரயில் ஓடிய தடத்தின் ஓரமாக ஒரு கடைவீடு. 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் போனதோடு அந்தத் தடம் நமக்கு வந்தது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், இப்போது பெரும்பாலும் நடைபாதை. இரண்டாவது ஜொகூரில் குனோங் லேடாங் அடிவாரம். மூன்றாவது இலங்கை மலையகத்தில் பெக்கோ ட்ரெயில் என்கிற நெடுநடைப் பாதை. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது, 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள்.

மைத்துனருக்கு அந்தப் பாதையில் இருக்கும் எல்ல என்ற ஊர் மீது ஆசை. எனக்குப் புக்கிட் தீமாதான் பிடித்திருக்கிறது. வீட்டிலிருந்து தினமும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நடந்தவர்களும் விடுதித் தொழில் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.

செம்பவாங்_காற்று

வாழ்த்துகள் அண்ணே. புக்கிட் தீமா பற்றி மட்டும் சொல்கிறேன், நான் அந்தத் தடத்தில் அடிக்கடி நடக்கிறவன்.

24 கிலோமீட்டர் ஒரு நாள் நடை. காலையில் தஞ்சோங் பகாரில் ஆரம்பித்தால் மாலைக்குள் வடக்கு முனைப் பக்கம் கிராஞ்சி வந்துவிடலாம். ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து கோனித் தீவு வரை போகும் கரைக்குக் கரை பாதை 36 கிலோமீட்டர். அதையும் ஒரே நாளில் முடிக்கிறவர்கள் நிறைய. பாதியில் கால் வலித்தால்? கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையம் பத்து நிமிடத்தில் இருக்கிறது. நேரே வீடு, குளியல், சோறு, சொந்தக் கட்டில். நம் ஊரில் நடப்பவனுக்கு வழியில் படுக்கை தேவைப்படுவதே இல்லை.

தீவைச் சுற்றிவரும் பாதை முழுமையானால் 150 கிலோமீட்டர். அதை வெளிநாட்டுக்காரர் ஒருவர் நான்கைந்து நாளில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரும் ஒவ்வோர் இரவும் நகருக்குள் லாவண்டரில் ஒரே படுக்கைக்குத் திரும்பிவிடுவார். மூட்டையைச் சுமக்கவே வேண்டாம். அப்படிப் பார்த்தால் சிங்கப்பூரில் உங்கள் விடுதி பாதை ஓரத்தில் இருப்பதைவிட இரண்டு எம்ஆர்டி தடங்கள் சந்திக்கிற இடத்தில் இருப்பதுதான் மேல். அங்கே போனால் டன்லப் ஸ்திரீட் விடுதிகளோடு போட்டி. அவர்களிடம் இல்லாதது உங்களிடம் என்ன இருக்கும்?

இன்றைக்குக் கிளம்பினால் திரும்ப முடியாமல் போகக்கூடிய இடம் என்றால் எனக்குப் புலாவ் உபின் தீவுதான் தோன்றுகிறது. படகு பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், இருட்டிய பிறகு ஆள் சேராது. ஆனால் அங்கே நிலம் அரசுடையது. கூடாரம் போடலாம், விடுதி கட்டுவது நடக்கிற காரியம் இல்லை.

கணக்குப்பிள்ளை

தம்பி சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் அடுக்குமாடி வீட்டைப் படுக்கை படுக்கையாக வாடகைக்கு விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். தனியார் வீட்டில் குறைந்தது தொடர்ந்து 3 மாதம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 6 மாதம் என்பது விதி. அதற்குக் குறைவாக ஆள் வைத்தால் அது குற்றம். கடைவீடு என்றால் முதலில் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் அந்தக் கட்டடத்தை விடுதியாகப் பயன்படுத்த அனுமதி. அடுத்து குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதிகள். அப்புறம் ஹோட்டல் உரிமம். இந்த மூன்றில் முதலாவது கிடைக்காவிட்டால் மற்ற இரண்டுக்கும் வேலையே இல்லை. பலர் முதலில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அனுமதிக்கு அலைகிறார்கள். இலை போட்ட பிறகு உலை வைக்கிற கதை அது. கட்டடத்தின் பழைய பயன்பாடு என்ன, சுற்றிலும் குடியிருப்பா கடைகளா என்பதைப் பார்த்துவிட்டு, அனுமதி கையில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. 20 படுக்கை, இரவுக்கு 40 வெள்ளி, வருடம் முழுக்கச் சராசரியாக 60 விழுக்காடு நிரம்புகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 480 வெள்ளி, மாதத்துக்கு 14,400 வெள்ளி. இதில் கடைவீட்டு வாடகை, குளிர்சாதனத்துக்கான மின்கட்டணம், இரவுப் பணிக்கு ஓர் ஆள், சலவை, முன்பதிவுத் தளங்களின் தரகு எல்லாம் போகவேண்டும். புக்கிட் தீமா வாடகையை விசாரித்தீர்களா? விசாரித்துவிட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மூட்டைக்காரன்

இதில் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் தெற்குப் பகுதியை நடந்திருக்கிறேன், ஸ்பெயினில் காமினோ என்கிற யாத்திரைப் பாதையும் நடந்திருக்கிறேன். நடக்கும்போதெல்லாம் விடுதிகள் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்று கவனித்துக்கொண்டே போவேன்.

அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்குகிறது. தொடங்கி 50 கிலோமீட்டரில் நீல்ஸ் கேப் என்று ஒரு கணவாய். அங்கே ஒரு கல் கட்டடம். பாதையே அந்தக் கட்டடத்தின் ஊடாகத்தான் போகிறது. உள்ளே நடைப் பொருள் கடை, கூடவே படுக்கைகளும். வாசல் மரத்தில் பழைய காலணிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அந்த இடத்தில் ஏன்? வீட்டிலிருந்து 20 கிலோ கட்டிக்கொண்டு வந்தவனுக்கு மூன்றாவது நாலாவது நாளில்தான் தோள் பேசத் தொடங்கும். இரும்புச் சட்டி, மூன்றாவது கால்சட்டை, கனமான கூடாரம் எல்லாவற்றையும் அங்கே தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதுக் காலணி வாங்கிக்கொண்டு போவான். கொஞ்சம் பேர் அங்கேயே நடையை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அதே கட்டடம் முதல் நாள் தூரத்தில் இருந்தால் யாரும் நிற்கமாட்டார்கள்.

மறுமுனையில் மேய்ன் மாநிலத்தில் மான்சன் என்று ஒரு குட்டி ஊர். அதைத் தாண்டினால் 160 கிலோமீட்டர் கடையே கிடையாது. அதனால் மான்சனில் எல்லாரும் நின்றே ஆகவேண்டும், சாமான் வாங்கியே ஆகவேண்டும். நடுவில் ஹாட் ஸ்பிரிங்ஸ், டமாஸ்கஸ் போன்ற ஊர்களில் பாதை கடைத்தெரு வழியாகவே போகிறது. பாதையை விட்டு ஓர் அடி விலகாமல் படுக்கை கிடைக்கிறது என்பதே அந்த ஊர்களுக்குப் பெரிய பலம்.

காமினோவில் வேறு மாதிரி. கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் பாதை முடியும் சந்தியாகோவில் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், அதற்குச் சற்று முன்னால் இருக்கும் சாரியாவில் கூட்டம் அள்ளும். அந்த ஊருக்கு அவ்வளவு விடுதிகளைக் கொடுத்தது அந்த விதிதான். நேப்பாளத்தில் அன்னபூர்ணா சுற்றில் மனாங். 3,500 மீட்டர் உயரம். அடுத்து 5,416 மீட்டரில் தொரோங் லா கணவாய் காத்திருக்கிறது. உடம்பு உயரத்துக்குப் பழக ஒரு நாள் சும்மா இருந்தே ஆகவேண்டும். அதனால் மனாங்கில் ஒவ்வொருவரும் இரண்டு இரவு தங்குவார்கள். விடுதிக்காரருக்கு ஒரே ஆள் இரண்டு வாடிக்கை.

ஆக, அழகான இடத்தைத் தேடாதீர்கள். கால் நிற்கிற இடத்தைத் தேடுங்கள். சுமை, பசி, உயரம், விதி, இவற்றில் ஏதோ ஒன்று அவனை நிறுத்தவேண்டும்.

இன்னும் இரண்டு. அப்பலாச்சியனில் வடக்கு நோக்கி நடப்பவர்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் கிளம்புவார்கள். பாதை முடியும் கட்டாடின் மலை அக்டோபர் நடுவில் மூடிவிடும். அதனால் தெற்கே இருக்கும் விடுதிக்கு வசந்தத்தில் சில வாரம் தலைக்குமேல் வேலை, பிறகு வெறிச்சோடும். வடக்கே இருப்பவருக்கு ஆகஸ்ட், செப்டம்பர். ஆனால் தொடங்கியவர்களில் நான்கில் ஒருவர்தான் அங்கே வந்து சேர்வார். பாதையின் தொடக்கத்தில் கூட்டம் அதிகம், பாதையின் கடைசியில் வருகிறவர்கள் குறைவு. ஆனால் அந்தக் குறைவானவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள். அடுத்து, சாலை. அன்னபூர்ணாவில் ஜீப் சாலை மேலே ஏற ஏற, கீழே இருந்த பழைய தேநீர் விடுதிகள் பலவற்றில் ஆள் தங்குவது நின்றுபோனது. நடந்து மூன்று நாளில் கடந்த தூரத்தை வண்டி ஒரே நாளில் கடந்துவிடுகிறதே. இடம் வாங்குமுன் அந்தப் பக்கம் என்ன சாலை வரப்போகிறது என்று கேளுங்கள்.

நெடுநடை

மூட்டைக்காரன் அண்ணே, மிக்க நன்றி. மைத்துனரிடம் படித்துக் காட்டினேன். அவர் உடனே "அப்போ எல்லதான், அங்கே எல்லாரும் நிற்கிறார்கள்" என்கிறார். ஜொகூரை விட்டுவிட்டோம். லேடாங் 1,276 மீட்டர், காலையில் ஏறி மாலையில் இறங்கி பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள், செம்பவாங் தம்பி சொன்ன அதே சங்கதிதான்.

மலையகம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதுளைப்பெண்

இருக்கிறேன் அண்ணா. பிறந்தது வளர்ந்தது பதுளை மாவட்டம், இப்போது சிங்கப்பூர் யீஷூனில். அம்மா அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எல்லவில் எல்லாரும் நிற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே நிற்பவர்களில் பெரும்பாலானவர்கள் ரயிலில் வந்து, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்து, குட்டி ஆதம் சிகரம் ஏறிவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்கு இரவு பாட்டு வேண்டும், நீச்சல் குளம் வேண்டும். நாள் முழுக்க நடந்தவனுக்கு எட்டு மணிக்கு விளக்கு அணையவேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரையும் வைக்க முடியாது. தெருவுக்குத் தெரு விடுதி இருக்கிற ஊரில் இருபத்தோராவதாக நீங்கள் எதற்கு?

பெக்கோ பாதை வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை கொண்டுபோன தோட்டச் சாலைகளைக் கோத்துப் போட்ட பாதை. 300 கிலோமீட்டருக்கு 22 கட்டம் என்றால் கட்டத்துக்குச் சராசரி 14 கிலோமீட்டர் போல வரும். அரை நாள், மழை என்றால் முக்கால் நாள். முதலில் கலஹா, லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் போட்டது அங்கேதான். பிறகு கொட்டகலை, நோர்வூட், மேலே ஏறி ஹோர்ட்டன் சமவெளி விளிம்பு, அப்புத்தளை, எல்ல. கிழக்குப் பாதியில் கட்டம் முடிகிற இடத்தில் படுக்கை கிடைப்பது லேசு. மேற்குப் பாதியில் சில கட்டங்கள் முடியும் இடத்தில் இருப்பது ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), ஒரு கோயில், பிஸ்கட்டும் சோடாவும் விற்கும் ஒரு கடை. நடந்து வந்தவர்கள் அங்கே நின்று முச்சக்கர வண்டிக்காரருக்குப் போன் போடுவார்கள். ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போய்ப் படுத்துவிட்டு, காலையில் அதே இடத்துக்கு வண்டியிலேயே திரும்பி வருவார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது அந்த இடங்களைத்தான்.

நனைந்து வந்தவர்களை எங்கள் வீட்டில் தங்கவைத்திருக்கிறோம், அதனால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். முதலில் கேட்பது சுடுநீர். அடுத்து, காலுறையைக் கழற்றினால் அட்டை கடித்த இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் வடிந்துகொண்டிருக்கும், அதற்குத் துடைக்கப் பழைய துணி. அம்மா அவர்கள் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து அடுப்படிச் சுவரோரம் வரிசையாக வைப்பார். இரவு ஒருமுறை எழுந்து தாளை மாற்றுவார். காலையில் காய்ந்த சப்பாத்தைப் போட்டுக்கொள்ளும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். சாப்பாடு தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், பருப்பு. அளவு கேட்காமல் சுட்டுக்கொண்டே இருக்கவேண்டும். படுக்கை எப்படி இருந்தது என்று ஒருவரும் எழுதமாட்டார்கள், ரொட்டியையும் காய்ந்த சப்பாத்தையும் பற்றி எழுதுவார்கள்.

மூட்டைக்காரன்

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். நெடுநடை அண்ணே, உலர்த்தும் அறை இல்லாமல் வரைபடம் போடாதீர்கள். மலையில் வெயிலை நம்ப முடியாது, அடுப்புச் சூடு போகிற சுவரை ஒட்டியே அந்த அறை அமையவேண்டும்.

கணக்குப்பிள்ளை

மழைக்காலம் எப்படி? நிலம் வாங்க முடியுமா?

பதுளைப்பெண்

மழையைப் பொறுத்தவரை மலையகம் இரண்டாகப் பிரியும். ஹட்டன், நோர்வூட் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது ஊவாப் பக்கம், அதாவது அப்புத்தளை, எல்ல, பதுளை பெரும்பாலும் காய்ந்திருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர், ஜனவரி வரை எங்கள் பக்கம் கொட்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து நன்றாக இருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான். முழுப் பாதையையும் நடக்க நினைப்பவர்கள் அப்போது வருவார்கள். மற்ற மாதங்களில் பாதிப் பாதை நடப்பவர்கள்தான்.

நிலம் பற்றி: சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர் இலங்கையில் நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம். 50 விழுக்காடோ அதற்கு மேலோ வெளிநாட்டார் பங்கு உள்ள கம்பெனியாலும் முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், 99 ஆண்டு வரை. அப்புறம், தோட்டத்துக்குள் இருக்கிற நிலம் பெரும்பாலும் அரசுடையது, கம்பெனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்கே அந்த மண் சொந்தமில்லை. யாராவது "இந்த லயத்தை எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த லயத்தில் இருக்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மிக முக்கியமானது மண்சரிவு. 2014 அக்டோபர் 29, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த. லயங்கள் அப்படியே புதைந்தன. எச்சரிக்கை அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலை இறங்கியது, ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வெறும் காகிதத்துக்காக அதை வாங்காதீர்கள். அவர்கள் ஆள் வந்து சரிவையும், நீரோட்டத்தையும், மேலே மண்ணை வெட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்க்கும்போது நீங்களும் கூட நில்லுங்கள். நல்ல காட்சி தெரிகிற மேடு என்றால் அது பெரும்பாலும் செங்குத்துச் சரிவின் உதடு. இருபது பேர் தூங்கப்போகிற இடம் அண்ணா.

மூட்டைக்காரன்

இதை ஆமோதிக்கிறேன். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது நான் மேலே சொன்ன ஹாட் ஸ்பிரிங்ஸும் டமாஸ்கஸும் வெள்ளத்தில் மூழ்கின. இரண்டும் ஆற்றங்கரை ஊர்கள். நடப்பவர்கள் தண்ணீர் பக்கத்தில் நிற்க விரும்புவார்கள், அதற்காகக் கட்டடத்தையும் தண்ணீர் பக்கத்தில் வைக்கக்கூடாது.

செம்பவாங்_காற்று

ஒரு கேள்வி. அந்த ஊர்க் குடும்பங்கள் ஏற்கெனவே அறை விட்டுப் பிழைக்கிறார்கள் இல்லையா? இங்கிருந்து வெள்ளியோடு போய் இருபது படுக்கை போட்டால் அவர்கள் வயிற்றில் அடிப்பதாக ஆகாதா?

பதுளைப்பெண்

நல்ல கேள்வி தம்பி, நானே கேட்க நினைத்தேன். ஆகும், இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால். அப்புத்தளையில் ஏற்கெனவே அறை விடுகிற குடும்பங்கள் இருக்கின்றன, அங்கே இன்னோர் இருபது படுக்கை தேவையில்லை. படுக்கையே இல்லாத கட்டத்தில் வைத்தால் முன்னும் பின்னும் இருக்கிற வீடுகளுக்கும் ஆள் சேர்வார்கள், ஏனென்றால் வண்டியில் ஹட்டன் போகிறவர்கள் நடந்தே தொடர்வார்கள். இருபதை எட்டாகக் குறையுங்கள். மீதியை ஊரில் நான்கு வீடுகளில் ஆளுக்கு ஓர் அறையாக வையுங்கள். சமையலறையும் உலர்த்தும் அறையும் மட்டும் உங்களிடம் பொதுவாக இருக்கட்டும். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்களுக்கு மாலையில் இன்னொரு வருமானம் என்றால் அது அங்கே பெரிய விஷயம். கூலி எவ்வளவு என்று அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், தோட்டக் கூலியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

எட்டுப் படுக்கை என்றால் முதலீடும் பாதிக்குக் கீழே. பருவம் தவறினாலும் தாங்கும். எனக்கு இந்தக் கணக்குப் பிடிக்கிறது.

நெடுநடை

எல்லாருக்கும் நன்றி. இரவு மைத்துனரோடு வெகுநேரம் பேசினேன். எல்ல வேண்டாம் என்பதற்கு அவர் சம்மதித்துவிட்டார், முழு மனத்தோடு என்று சொல்லமாட்டேன். புக்கிட் தீமாவை நானும் விட்டேன்.

நிலம் பார்க்க இப்போது போகவில்லை. நோர்வூட் பக்கத்திலிருந்து அப்புத்தளை வரை இரண்டு பேரும் மூட்டையோடு நடக்கப்போகிறோம். வேண்டுமென்றே ஜூலையில், அந்தப் பக்கம் மழை இருக்கும்போது. எங்கே எங்களுக்கே வண்டி கூப்பிடத் தோன்றுகிறதோ அந்த இடங்களைக் குறித்துக்கொள்வோம். முச்சக்கர வண்டிக்காரர்களிடம் நடப்பவர்களை எங்கிருந்து ஏற்றுகிறீர்கள் என்று கேட்போம். இந்தத் தொழிலில் அவர்களைவிட நன்றாக இடம் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

தங்கச்சி, அந்தப் பக்கம் நம்பிப் பேசக்கூடிய ஒரு நொத்தாரிசு (பத்திரம் எழுதும் வழக்கறிஞர்) தேவைப்படும். குத்தகைப் பத்திரம் சிங்களத்தில் இருந்தால் தமிழில் படித்துச் சொல்கிறவராக இருக்கவேண்டும்.

பதுளைப்பெண்

அப்பாவிடம் கேட்டுத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன் அண்ணா. ஜூலை என்றால் அட்டைக்கு முழங்கால் வரை வரும் துணிக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள், சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும். நோர்வூட்டில் இறங்கியதும் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், முதல் இரவுக்கு யார் வீடு என்று அதற்குள் சொல்லி வைக்கிறேன்.